எட்டு நாட்டு ஜாஸுக்கு ஓட்டுப் போட்டோம்

பல நாட்டு ஜாஸ் மரபுகளை எதிரெதிரே நிறுத்தி, கேட்பவர்களே ஓட்டுப் போட்டு முடிவு சொல்லும் ஒரு நட்புப் போட்டியை நண்பர்கள் வட்டத்தில் நடத்தி முடித்திருக்கிறேன். கேட்கும் நேரத்தைவிட, கேட்பதற்கு முன் செய்யும் வேலைதான் இதில் பெரிது. அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓட்டு இசைக்கு விழ வேண்டும். ஒலியளவுக்கோ, பதிவின் பளபளப்புக்கோ, நாட்டின் பெயருக்கோ விழக் கூடாது. எல்லா ஏற்பாடும் இந்த ஒரு கவலையிலிருந்துதான் வந்தது.

யார் யார் களத்தில்

முதல் முடிவு, அமெரிக்கா போட்டியில் இல்லை. ஜாஸ் என்று விற்கப்பட்ட முதல் இசைத்தட்டு 1917-ல் அங்கேதான் வந்தது. மற்ற நாட்டுக் கலைஞர்களில் பெரும்பாலோர் ஆர்ம்ஸ்ட்ராங், எலிங்டன், பார்க்கர் போன்ற அமெரிக்க ஜாஸ் மேதைகளைக் கேட்டுப் பழகியவர்கள். வாத்தியாரையும் மாணவர்களையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது சரியாக இருக்காது. அதனால் ஒவ்வொரு மாலையும் ஓர் அமெரிக்கப் பதிவோடு தொடங்கியது. அதற்கு ஓட்டு கிடையாது. ஆம்ப்ளிஃபையரின் ஒலியை அதை வைத்துத்தான் ஒரு நிலையில் நிறுத்தினோம். அப்புறம் அந்தக் குமிழை யாரும் தொடவில்லை.

களத்தில் நின்றவை எட்டு: பிரான்ஸ், எத்தியோப்பியா, போலந்து, ஜப்பான் முதல் குழு; தென்னாப்பிரிக்கா, ஸ்வீடன், அஜர்பைஜான், கியூபா இரண்டாம் குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்கள் இறுதிக்குப் போகும். பிரேசிலை விட்டது எனக்கே வருத்தம்தான். ஆனால் போஸா நோவா என்னும் அந்நாட்டு இசையை ஜாஸ் என்று சேர்ப்பதா, அங்கே அதற்கு முன்பே இருந்த சாம்பா இசையின் பிள்ளை என்று தள்ளி வைப்பதா என்ற பேச்சே ஒரு மாலையை விழுங்கிவிடும்.

எந்தப் பதிவு எந்த நாட்டுக் கணக்கில் வரும் என்பது இன்னொரு கேள்வி. ஸ்டுடியோ இருந்த ஊரை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எத்தியோப்பியக் கலைஞர் முலாட்டு அஸ்டாட்கேயின் 1972 இசைத்தட்டு நியூயார்க்கில் பதிவானது. அவர் படித்ததும் பாஸ்டனில் உள்ள பெர்க்லீயில். ஆனால் அந்த இசையின் எலும்பு எத்தியோப்பிய ‘கெனெட்’ என்னும் சுர வரிசைகளால் ஆனது. ஆகவே ஸ்டுடியோவின் முகவரியை விட்டுவிட்டு, எந்த மண்ணின் சுரமும் தாளமும் மனோதர்மத்தை நடத்துகின்றன என்பதை விதியாக வைத்தோம். சக்தி குழுவை இந்த விதியால்கூடப் பிரிக்க முடியவில்லை. ஜான் மெக்லாக்லினின் கிட்டாரும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒரே மேடையில் இருக்கும்போது அது எந்த நாடு? அதைப் போட்டிக்கு வெளியே இடைவேளையில் ஒலிக்கவிட்டோம்.

ஒவ்வொரு மரபுக்கும் ஒரு நண்பர் பொறுப்பு. அவர் இரண்டு பதிவுகளைத் தர வேண்டும்: குழுச் சுற்றுக்கு ஒன்று, இறுதிக்கு ஒன்று. ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் போட்டி மரபுகளுக்கு நடுவே நடக்காமல் தனிப் பதிவுகளுக்கு நடுவே நடக்கும். கூடவே ஒரு கட்டுப்பாடு, பாட்டுக் குரல் கூடாது. குரல் வந்தால் மொழி வரும், மொழி வந்தால் நாடு தெரிந்துவிடும். கியூபாவின் பொறுப்பாளருக்கு இது கடினமாக இருந்தது. சுச்சோ வால்டெஸ் 1973-ல் தொடங்கிய இராகெரே குழுவில் பாட்டா முரசுகளும் கூட்டுக் குரலும் பின்னிப் பிணைந்தவை. பித்தளை வாத்தியங்களும் தாளமும் மட்டும் ஓடும் ஒரு நீண்ட பகுதியைப் பொறுமையாகத் தேடி எடுத்தார்.

வெட்டுவது

ஜாஸ் பதிவுகளின் நீளம் ஒன்றுக்கொன்று ஒட்டாது. அதற்குக் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பம். பத்து அங்குல 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். பாரிஸின் ஹாட் கிளப் குவின்டெட் என்ற ஐவர் குழு 1937-ல் பதிவு செய்தபோது கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் தங்கள் சொல் முழுவதையும் அந்த 3 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியிருந்தது. நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. தென்னாப்பிரிக்கப் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் 1974-ல் கேப்டவுனில் பதிவு செய்த ‘மானென்பர்க்’ ஒரு பக்கம் முழுவதும் ஓடும், 13 நிமிடத்துக்கு மேல். போலந்துக் கலைஞர் கொமேடாவின் ‘அஸ்டிக்மாட்டிக்’ 20 நிமிடத்தைத் தாண்டும்.

எல்லாவற்றையும் 3 நிமிடமாக நறுக்கினால் கணக்கு சமமாகும், இசை சமமாகாது. மானென்பர்க் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்து ஏறும் இசை. முதல் 3 நிமிடத்தில் அதன் கதவுதான் திறந்திருக்கும். அதனால் சம நீளம் என்ற எண்ணத்தையே கைவிட்டேன். உச்ச வரம்பு 6 நிமிடம், அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் மூலமெட்டு ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும், ஒருவரின் மனோதர்மமாவது ஒரு முழுச் சுற்று முடிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத துண்டைக் கேட்டு யாரும் ஜாஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வெட்டும் இடத்தை அலைவடிவத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, காதால் எண்ண வேண்டும். பெரும்பாலான மெட்டுகள் 12 அல்லது 32 தாள அலகுகள் (பார்) கொண்ட ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்று முடியும் இடத்தில் தொடங்கி, இன்னொரு சுற்று முடியும் இடத்தில் 5 நொடியில் ஒலியைத் தேய்த்து இறக்கினால் வெட்டுத் தெரியாது. போலந்தின் துண்டுக்கு இந்த வழி உதவவில்லை. 1965 டிசம்பரில் பதிவான அந்த இசை பகுதி பகுதியாக வளர்கிறது. டோமாஷ் ஸ்டாங்கோவின் ட்ரம்பெட் எழும் இடத்தை வைத்துத் தொடங்கினோம்.

ஒலியளவைச் சமன்படுத்துவது

இதுதான் மொத்த வேலையின் நடு முடிச்சு. ஒரே இசையைச் சற்றே உரக்க ஒலிக்கவிட்டால் அது நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். ஒரு டெசிபெல் வித்தியாசம் போதும், ‘ஒலி கூடியிருக்கிறது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘இது உயிரோட்டமாக இருக்கிறது’ என்பார்கள். 2001-ல் பதிவான கிட்டாரும் 1937-ல் மெழுகில் வெட்டிய கிட்டாரும் ஒரே போட்டிக்கு வரும்போது இதைச் சும்மா விட முடியாது.

அலையின் உச்சத்தைச் சமமாக்குவது தீர்வல்ல. ஒரே ஒரு முரசடி உச்சத்தைத் தொட்டால் மற்ற எல்லாமே தாழ்ந்துவிடும். காது உணரும் சராசரி உரப்பைத்தான் சமமாக்க வேண்டும். அதன் அலகு எல்யூஎஃப்எஸ். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் நிகழ்ச்சிகளுக்கு மைனஸ் 23 என்று வைத்திருக்கிறது. நான் மைனஸ் 20 எடுத்துக்கொண்டேன். ஒளிபரப்பைவிடச் சற்று உரக்கத்தான், ஆனாலும் இன்றைய இசை வெளியீடுகளோடு பார்த்தால் இது தாழ்வு. ஏன் என்று கேட்கலாம். உரத்த இலக்கை வைத்தால், உச்சம் அதிகமுள்ள பதிவுகளில் நுனிகள் வெட்டுப்படும், அல்லது அமுக்கிக் கொடுக்க வேண்டிவரும். அமுக்கினால் முரசின் விளிம்பும் பியானோவின் முதல் அடியும் மழுங்கும். தாழ்ந்த இலக்கை வைத்து, ஆம்ப்ளிஃபையரைக் கூட்டிக்கொண்டால் வேறு எதையும் தொடாமல், ஒலியை வெறுமனே கூட்டிக் குறைப்பதோடு வேலை முடிகிறது.

ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் உரப்பைச் சமன்படுத்தும் விளைவு இருக்கிறது, அது போதும். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அளப்பது வெட்டிய துண்டை. முழுப் பதிவை அளந்துவிட்டு வெட்டினால், அமைதியான பகுதியிலிருந்து எடுத்த துண்டு தாழ்ந்தே ஒலிக்கும். இரண்டாவது மோனோ பற்றியது. அளவிடும் முறை இரு தடங்களின் ஆற்றலையும் கூட்டுகிறது. அதனால் ஒரே ஒலி ஒற்றைத் தடக் கோப்பில் இருக்கும்போது, இரட்டைத் தடக் கோப்பில் இருப்பதைவிட 3 அலகு தாழ்வாகக் காட்டும். பழைய பதிவுகள் மோனோ, புதியவை ஸ்டீரியோ என்று கலந்திருந்தால் இந்த 3 அலகு வித்தியாசம் தானாக உள்ளே நுழைந்து பழையவற்றை உரக்க ஒலிக்கவைத்துவிடும். குழுச் சுற்றில் எல்லாத் துண்டுகளையும் மோனோவாக்கிய பிறகே அளந்தேன். இதனால் ஸ்டீரியோவின் விரிவு யாருக்கும் கூடுதல் பலமாகவில்லை.

இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடவில்லை. பழைய தட்டின் கரகரப்பை எடுக்கப் போனால் கிராப்பெல்லியின் வில் நரம்பில் உரசும் அந்த மெல்லிய ஒலியும் சேர்ந்து போகும். கரகரப்பைக் காது சில நொடியில் மறந்துவிடும். வயலினின் உயிர் போனால் மீட்க முடியாது.

ஓட்டு முறை

பிடித்த ஒன்றுக்கு மட்டும் ஓட்டு என்ற முறை எனக்குத் திருப்தி தரவில்லை. நேருக்கு நேர் மோதவிடுவதுதான் போட்டிக்கு அழகு. ஆனால் எட்டு மரபுகளும் ஒவ்வொன்றோடும் மோத 28 மோதல்கள் வேண்டும். இரண்டிரண்டு துண்டாக அவ்வளவையும் கேட்டால் காது களைத்து, கடைசி மோதல்களில் யாருக்கும் நியாயம் கிடைக்காது. தோற்றவர் வெளியே என்ற முறையில் 7 மோதல்கள் போதும். அதில் யார் யாரோடு முதலில் மோதுகிறார் என்ற அதிர்ஷ்டமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

வழி இருக்கிறது. நான்கு துண்டுகளைக் கேட்டு, கேட்டவர் 1 முதல் 4 வரை வரிசைப்படுத்தட்டும். அந்த ஒரு வரிசையிலேயே ஆறு மோதல்களின் முடிவும் ஒளிந்திருக்கிறது. எத்தியோப்பியா 2, ஜப்பான் 3 என்று ஒருவர் எழுதினால், அந்த மோதலில் அவர் ஓட்டு எத்தியோப்பியாவுக்கு. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்செ 1785-லேயே வாதாடிய முறை இது. ஸ்ப்ரெட்ஷீட்டில் வரிக்கு ஒருவர், பத்திக்கு ஒரு துண்டு. இரண்டு பத்திகளை எடுத்து, முதலாவதின் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கும் வரிகளை எண்ணினால் ஒரு மோதல் முடிந்தது. சம்ப்ராடக்ட் சூத்திரம் ஒரே கட்டத்தில் இதைச் செய்துவிடும். வெற்றுக் கட்டங்களைச் சேர்க்காதபடி ஒரு நிபந்தனையை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வெற்றுக் கட்டங்கள் ஏன் வருகின்றன? பொறுப்பாளர் தன் மரபை வரிசைப்படுத்தக் கூடாது, மற்ற மூன்றைத்தான். யூரோவிஷன் என்னும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ஒரு நாடு தனக்கே ஓட்டுப் போட முடியாது அல்லவா, அதே நியாயம். மோதல் கணக்கின் நல்ல குணம், இப்படி அரைகுறையாக நிரம்பிய சீட்டையும் வீணாக்காமல் எடுத்துக்கொள்வது.

இந்த முறைக்கு ஒரு சுழல் உண்டு. மூன்று பேர், மூன்று இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் க-ச-ட என்றும், அடுத்தவர் ச-ட-க என்றும், மூன்றாமவர் ட-க-ச என்றும் எழுதினால், க ச-வை வெல்லும், ச ட-வை வெல்லும், ட க-வை வெல்லும். யாரும் முதலில்லை. இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை ஓட்டுப் போடுவதற்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். பின்னால் விதி செய்தால் அது யாரையோ ஜெயிக்கவைக்கச் செய்ததாகிவிடும். எங்கள் விதி: சுழல் வந்தால், அந்தக் குழுவில் ஒவ்வொரு மரபும் தன் எல்லா மோதல்களிலும் பெற்ற ஆதரவுச் சதவீதத்தின் சராசரியைப் பார்ப்போம். சீட்டுகள் முழுமையாக இருக்கும்போது இது போர்டாவின் மதிப்பெண் முறை (இடத்துக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது) தரும் அதே வரிசையைத்தான் தரும்.

மாலைகள்

நாட்டின் பெயர் சொல்லவில்லை. துண்டுகளுக்கு எழுத்து மட்டும். ஒலிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். நான்கும் முடிந்ததும், ஐந்து நிமிடம் அமைதி. பிறகு அதே நான்கும் தலைகீழ் வரிசையில். கடைசியாகக் கேட்டது மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த இரண்டாம் சுற்று. இரண்டாம் சுற்று முடியும்வரை பேனாவைத் தொடக் கூடாது, பேசவும் கூடாது. ஜப்பானில் ஜாஸ் கிஸ்ஸா என்னும் காபிக் கடைகளில் பேசாமல் இசைத்தட்டு கேட்கும் வழக்கம் உண்டு. அதே ஒழுங்கு இங்கே நன்றாக உதவியது.

பதிவை அடையாளம் கண்டுகொண்டவர்கள் இருப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. சீட்டில் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொன்னேன். வட்டமிட்ட ஓட்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு கணக்குப் பார்த்தேன். அதிகம் வட்டம் வாங்கியது ஜாங்கோ. இரண்டு கணக்கிலும் அடுத்த சுற்றுக்குப் போனவர்கள் மாறவில்லை.

முதல் குழுவில் நடந்தது இந்த ஓட்டு முறைக்கே நல்ல பரிசோதனை. முதலிடம் அதிகம் வாங்கியது பிரான்ஸ். முரசே இல்லாமல், இரண்டு கிட்டார்களும் ஒரு டபுள் பேஸும் வெட்டி வெட்டிக் கொடுக்கும் அந்தத் தாளம் பலரை உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் கடைசி இடமும் அதற்கு நிறைய. எத்தியோப்பியா சிலருக்கே முதல், ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டாவது. பிடித்த ஒன்றுக்கு மட்டும் ஓட்டு என்றிருந்தால் பிரான்ஸ்தான் முதல். நேருக்கு நேர் எண்ணியபோது எத்தியோப்பியா மூவரையும் வென்றது. இரண்டும் இறுதிக்குப் போயின. ஜப்பானின் ரியோ ஃபுகுய் 22 வயதில்தான் பியானோவைத் தொட்டவர். அவருடைய 1976 பதிவு சிறு வித்தியாசத்தில் மூன்றாவதானது.

போலந்து கடைசி. எனக்கு மனம் ஆறவில்லை. கொமேடா தொழிலால் மருத்துவர். ஜாஸை ஆட்சியாளர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், வேலைக்கு ஆபத்து வராமலிருக்க அந்தப் புனைபெயரில் வாசித்தவர். அவர் இசை காத்திருக்கச் சொல்கிறது. 6 நிமிடத்தில் அதைக் காட்டிவிட முடியாது என்பதற்கு அந்த ஓட்டுச்சீட்டுகளே சாட்சி.

இரண்டாம் குழுவில் தென்னாப்பிரிக்கா தெளிவாக முதல். 1960-ல் பதிவான ஜாஸ் எபிஸில்ஸ் குழு: இளம் ஹியூ மசெகெலா, ஜோனாஸ் குவாங்வா, கிப்பி முகெட்ஸி, அப்போது டாலர் பிராண்ட் என்ற பெயரில் இருந்த அப்துல்லா இப்ராஹிம். இரண்டாம் இடத்துக்குத்தான் அந்தச் சுழல் நிஜமாகவே வந்தது. ஸ்வீடன் கியூபாவை வென்றது, கியூபா அஜர்பைஜானை வென்றது, அஜர்பைஜான் ஸ்வீடனை வென்றது. முன்பே ஒட்டிய விதியைப் பார்த்தோம். ஸ்வீடன் போனது. யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பாகுவின் வாகிஃப் முஸ்தஃபாசாதே வெளியேறியதில் பலருக்கு வருத்தம். முகாம் என்னும் அஜர்பைஜானிய இசையின் வளைவுகளைப் பியானோவுக்குக் கொண்டுவந்தவர், 39 வயதில் மறைந்தவர். குறிப்பு எழுதும் இடத்தில் பலர் அவரைத்தான் மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

இறுதியில் ஸ்டீரியோவை அனுமதித்தோம். ஒலியளவு மட்டும் பழைய முறையிலேயே. பிரான்ஸுக்கு பிரெலி லாக்ரேன் 2001-ல் பதிவு செய்த ஜிப்சி இசை, எத்தியோப்பியாவுக்கு கெட்டாச்செவ் மெகுரியாவின் சாக்ஸபோன், ஸ்வீடனுக்கு யான் யோஹான்சன், தென்னாப்பிரிக்காவுக்கு மானென்பர்க். தென்னாப்பிரிக்கா மூன்று மோதலையும் வென்றது. எத்தியோப்பியா அடுத்து, பிறகு ஸ்வீடன், பிரான்ஸ்.

எண்களைவிடக் குறிப்புகள் எனக்கு அதிகம் தந்தன. மானென்பர்க் பற்றி ஒருவர் ‘பியானோவுக்குள் உலோகம் ஏதோ தட்டுகிறது’ என்று எழுதியிருந்தார். சரியாகவே கேட்டிருக்கிறார். அந்தப் பியானோவின் சுத்தியல்களில் சிறு ஆணிகள் குத்தப்பட்டிருந்தன, தென்னாப்பிரிக்காவின் பழைய மராபி இசையின் கூரிய நாதம் வருவதற்காக. எத்தியோப்பியத் துண்டுக்கு ‘மோகனத்தின் பக்கத்து வீடு’ என்று ஒரு குறிப்பு. திஸிதா என்ற கெனெட்டின் ஒரு வகையில் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்கள்தான். யோஹான்சன் 1964-ல் வெளிவந்த இசைத்தட்டில் ஸ்வீடனின் நாட்டுப்புற மெட்டுகளை வெறும் பியானோவும் கேயோர்க் ரீடலின் டபுள் பேஸும் மட்டும் வைத்து வாசித்தது மூன்றாம் இடம்தான். ஆனால் மிக நீண்ட குறிப்புகள் அதற்கே வந்தன.

போட்டியில் நின்றவர்கள் எல்லோரையும் முழுமையாகக் கேட்க, ஓட்டில்லாத மாலைகளை அடுத்து வைத்திருக்கிறோம். முதலில் அஸ்டிக்மாட்டிக், வெட்டாமல். அதற்கு அடுத்தது வாகிஃப். அடுத்த போட்டியில் பிரேசிலும் நார்வேயும் இருக்கும். மோனோ, மைனஸ் 20, தலைகீழ் இரண்டாம் சுற்று மூன்றும் அப்படியே தொடரும். நீள வரம்பை 6-லிருந்து 10 நிமிடமாக்கி, ஒரு மாலைக்கு மூன்று மரபுகள் என்று குறைத்துக்கொள்ளப் போகிறேன்.